துணிக்குக் கொடுக்கிற ரெஸ்ட்

திருப்பூரில் துணிக்கு ரெஸ்ட் கொடுப்பார்கள். ஊரில் இருந்துகொண்டு இதைப் படிக்கிற உங்களுக்கு இது வேடிக்கையாகத் தோன்றும். வந்த புதிதில் எனக்கும் அப்படித்தான் இருந்தது. பனியன் துணி ரோலாகச் சுற்றி வரும்போது இழுபட்டிருக்கும். அதைப் பிரித்து, மேசையில் தளர்வாகப் போட்டு, ஒரு நாள் விட்டால்தான் தன் அளவுக்குச் சுருங்கும். அவசரப்பட்டு வெட்டினால் தைத்த சட்டை குட்டையாகிவிடும். அதனால் கட்டிங் மேசையில் துணி படுத்துக் கிடக்கும், நாங்கள் நின்றுகொண்டிருப்போம்.

சங்கரன்கோவில் பக்கம் எங்கள் ஊரில் அந்தச் சொல்லை நான் கேட்டது கிணற்று மோட்டாருக்குத்தான். சூடேறினால், "ரெஸ்ட் விடுல" என்பார் அப்பா. ஐந்தாம் வகுப்போடு நின்ற எனக்கு அது இங்கிலீஷ் என்றே தெரியாது. இங்கே அதற்கு இடத்துக்கு ஒரு அர்த்தம். ஆஸ்பத்திரியில் மாத்திரையோடு சேர்த்துச் சொல்வது ஒன்று. முன்பு வேலை பார்த்த கம்பெனியில் பக்கத்து மேசை முருகையாவிடம், "கொஞ்ச நாள் ரெஸ்ட்ல இருங்க, கூப்பிடுறோம்" என்றார்கள். கூப்பிடவே இல்லை. இப்போது சோமனூரில் தறி ஓட்டுகிறார்.

போன மாதம் எனக்கு இடுப்புப் பிடித்துக்கொண்டது. கட்டிங் மிஷினைத் தள்ள முடியாமல் நின்றேன். என்னைவிட வயதில் சின்னவரான முதலாளி வந்து தோளைத் தொட்டார்.

"ஏனுங்கண்ணா, ஊட்டுக்குப் போயி நல்லா ரெஸ்ட் எடுங்க."

"நாளைக்கே வந்துருதேன் மொதலாளி."

"அவசரமே இல்லீங்க. நானே கூப்புடறனுங்க."

முருகையாவிடம் சொன்ன அதே வார்த்தை. எங்கள் ஊரில் ஒருவர் இவ்வளவு பணிவாகப் பேசினால் ஏதோ ஒன்றை இல்லை என்று சொல்லப் போகிறார் என்று பொருள். இங்கே எல்லோரும் எப்போதும் அப்படித்தான் பேசுகிறார்கள். அந்த 'ங்க'வுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று இத்தனை வருடத்தில் எனக்குப் பிடிபடவில்லை. கேட்டுத் தெரிந்துகொள்ளக் கூச்சம்.

வீட்டில் படுத்தபடி போனையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஊரிலிருந்து தம்பி மட்டும் கூப்பிட்டான். "என்னண்ணே, சீட்டக் கிழிச்சிட்டானுவளா? பேசாம இங்க வந்துரு" என்று சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. "இப்படி மோட்டுவளையப் பாத்துட்டுக் கெடக்கதுக்கு, நேர்ல போயித்தான் பாருங்களேன்" என்றாள் மனைவி.

போனேன். போய் எதைப் பார்க்க வேண்டும் என்று எனக்குத் தெரியும். வெட்டும்போது இடது கையில் இரும்பு வலையில் செய்த கையுறை போடுவோம். மாறிப் போகாமலிருக்க ஆளுக்கொரு நிறத்தில் வேஸ்ட் துணியைக் கிழித்து அதில் முடிந்து வைப்போம். என்னுடையது சிவப்பு. ஒருவர் வேலையை விட்டுப் போனால் அந்த முடிச்சை வெட்டி எறிந்துவிட்டுத்தான் கையுறையை அடுத்தவருக்குக் கொடுப்பார்கள்.

என் மேசையில் பீகார்க்காரர் சஞ்சய் நின்றிருந்தார். என் மேசையில் கிடக்கும் கையுறை அவர் கையில். முடிச்சு இருந்த பக்கம் தெரியவில்லை. என்னைப் பார்த்ததும் சிரித்து, "பையா, ரெஸ்ட் ஹோ கயா?" என்று இந்தியில் கேட்டார். எனக்குப் புரிந்தது நடுவில் இருந்த அந்த ஒரு சொல்தான். உன் கதை முடிந்தது என்கிறார் என்று எடுத்துக்கொண்டேன்.

முதலாளி வந்தார். "அட, கூப்புடறேன்னு சொன்னனுங்களே! செரி, நேத்துப் போட்ட துணி ரெஸ்ட் ஆயிருச்சுங்க. நீங்க சேர்ல ஒக்காந்து சொல்லுங்க, அவரு வெட்டட்டும்."

இடுப்புக்காகச் சொல்கிறாரா, சொல்லிக் கொடுத்துவிட்டுப் போ என்கிறாரா? நாற்காலி வந்தது. நான் உட்காரவில்லை.

"நானே வெட்டுதேன்" என்றேன். முதலாளியிடம் நான் மறுத்துப் பேசியது அதுதான் முதல் தடவை.

அவர் நாற்காலியை ஓரமாகத் தள்ளினார். "உங்க இஷ்டமுங்க" என்று நகர்ந்தார். அதிலும் என்ன இருந்தது என்று தெரியவில்லை.

சஞ்சய் கையுறையைக் கழற்றி நீட்டினார். சிவப்பு முடிச்சு அப்படியே இருந்தது. அதை ஒட்டிப் புதிதாக ஒரு நீல முடிச்சு. என்னுடையதை அவிழ்க்காமல் விட்டது மரியாதையா, மறதியா? கையை நுழைத்தேன். உள்ளே இன்னொருவர் சூடு இருந்தது.

அப்போது தம்பி மறுபடி கூப்பிட்டான். "எப்பண்ணே ஊருக்கு வார?"

"துணி கெடக்குடா. வெட்டிட்டுச் சொல்லுதேன்" என்று போனை வைத்துவிட்டு, இரண்டு முடிச்சுள்ள கையால் துணியை அழுத்திப் பிடித்தேன்.