மெற்றில்டா ரீச்சரும் வயிற்றோட்டம் வந்த வாரமும்

ஓலைத்தொடுவாய் முன்பள்ளியில் பதினொரு வருடமாகப் படிப்பிக்கிற மெற்றில்டா ரீச்சரை ஊரில் யாரும் ஒரு சொல் கடிந்து பேசியதில்லை. போன வைகாசியில்தான் முதல் தடவையாகப் பேசினார்கள்.

திங்கட்கிழமை பிள்ளைகளுக்கு அவித்த பயறு கொடுத்திருந்தார். புதன்கிழமைக்குள் பத்தொன்பது பிள்ளைகளில் ஒன்பது பேருக்கு வாந்தியும் வயிற்றோட்டமும். "ரீச்சர் ஊசின பயறைக் குடுத்திட்டா" என்று மரியதாஸின் மனைவி ஜசிந்தா மீன் வாங்கக் கடற்கரைக்கு வந்தவர்களிடமெல்லாம் சொன்னாள். அது காதுக்கு வந்த அன்று மெற்றில்டாவுக்குச் சோறு இறங்கவில்லை. தானும் சாப்பிட்டுப் பார்த்துக் கொடுத்த பயறு அது.

வியாழக்கிழமை சுகாதாரப் பரிசோதகர் பார்த்தீபன் வந்து வீடுவீடாக விசாரித்தார். வெள்ளி காலை முன்பள்ளிக்கு வந்தார்.

"பயறில பிழையில்லை, ரீச்சர். அதைத் தொடாத கைக்குழந்தையளுக்கும் இப்ப வந்திருக்கு. இது சின்னப் பிள்ளையளுக்கு வாற வைரஸ். கைக்குக் கை தொத்தும்." வாசலில் தண்ணீரோடு இருந்த பேசினைப் பார்த்தார். "எல்லாரும் இதுக்குள்ளதான் கை கழுவுறவையோ?"

"ஓம்." அவர் கேட்காததையும் மெற்றில்டா சொன்னார்: "துடைக்கிறதும் ஒரே துவாய்தான்."

பழி நீங்கியது என்று வீட்டில் இருந்திருக்கலாம். இருக்க மனம் வரவில்லை. பார்த்தீபனிடம் வயிற்றோட்டத்துக்குக் கரைத்துக் கொடுக்கிற ஜீவனிப் பக்கற்றுகள் வாங்கிக்கொண்டு நேரே ஜசிந்தா வீட்டுக்குப் போனார்.

முன்பள்ளிக்கு வருகிற ஜசிந்தாவின் மூன்று வயது மகன் டிலக்‌ஷன் பாயில் துவண்டு கிடந்தான். உதடு காய்ந்திருந்தது.

"தண்ணி குடுத்தனீங்களோ?"

"குடுத்தாச் சத்தி எடுக்கிறான், ரீச்சர். அதான் நிப்பாட்டிப்போட்டன்." ஜசிந்தா நிமிர்ந்து பார்க்கவில்லை.

"நிப்பாட்டக் கூடாது. கொதிச்சு ஆறின தண்ணி ஒரு லீற்றர் கொண்டு வாங்கோ. ஓட்டோவுக்கும் சொல்லி வையுங்கோ. மத்தியானத்துக்குள்ள மூத்திரம் போகாட்டி ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போவம்."

கை கழுவி, ஜீவனியைக் கரைத்து, தேக்கரண்டியால் பருக்கத் தொடங்கினார். மூன்றாவது கரண்டியிலேயே வாந்தி. ஜசிந்தா அழுதாள். மெற்றில்டா துடைத்துவிட்டு, பத்து நிமிடம் பொறுத்து, இன்னும் மெதுவாகக் கொடுத்தார். ஒரு கரண்டி. சற்றுப் பொறுத்து இன்னொன்று. பத்து மணிக்குப் பிறகு வாந்தி வரவில்லை. பதினொன்றரைக்குப் பிள்ளை அவர் மடியிலேயே சிறுநீர் கழித்துவிட்டு, "அம்மா, தண்ணி" என்று கரண்டிக்குக் கை நீட்டினான்.

"ஐயோ ரீச்சர், உங்கட சாறி!"

"நனையட்டும் பிள்ளை, இதுக்குத்தானே காத்திருந்தனான்" என்று மெற்றில்டா சிரித்தார்.

ஜசிந்தா ஓடிப்போய் ஒரு துவாய் கொண்டு வந்தாள். "நான் கதைச்சது பிழை, ரீச்சர். கரையிலயும் போய்ச் சொல்லுறன்."

சொன்னாள். அடுத்த நாள் மகனைக் கணவனிடம் விட்டுவிட்டு, மற்ற வீடுகளுக்கும் ரீச்சரோடு கூடப் போனாள். இரண்டு பிள்ளைகளை ஆஸ்பத்திரியில் தங்கவைத்துச் சேலைன் ஏற்ற வேண்டி வந்தது. இருவரும் மூன்றாம் நாள் வீடு திரும்பினார்கள்.

பத்து நாள் பூட்டியிருந்த முன்பள்ளி திறந்தபோது வாசலில் பைப்புப் பூட்டிய தண்ணீர்ப் பீப்பா நின்றது. ஜசிந்தாவின் கணவன் மரியதாஸ் கொண்டுவந்து வைத்தது. பிள்ளைகள் ஆளுக்கொரு துவாயோடு, சவர்க்காரத்துக்குச் சண்டை பிடித்துக்கொண்டு வரிசையில் நின்றார்கள்.