நாலு சக்கரத்துக்கும் கறுப்பு

ரஜீனாவுக்குப் பொய் சொல்லவே வராது. சொன்னது ஒன்றே ஒன்று. அதையும் எட்டு மாதமாக, மாதம் தவறாமல் சொல்லிவிட்டாள்.

சார்ஜாவிலிருந்து கணவன் அஷ்ரஃப் கேட்கும்போதெல்லாம், "மாமியை என் தம்பி ஜுனைத் அவன் வண்டியில கோயமுத்தூருக்குக் கூட்டிட்டுப் போனான்" என்பாள். சர்க்கரையால் மங்கிய மாமியார் சௌதாவின் கண்ணுக்கு மாதம் ஒரு ஊசி. ஜுனைத்துக்கு ஏது நேரம்? பாலக்காட்டுத் துணிக்கடையை விட்டு அவனால் நகர முடியாது. ஓட்டியது ரஜீனாதான். லைசன்ஸை ஆறு வருடம் அலமாரியில் பூட்டி வைத்திருந்தவள். "நான் வர்ற வரைக்கும் வண்டியைத் தொடாதே" என்று அஷ்ரஃப் சொல்லிவிட்டுப் போயிருந்தான். தொட்டாள். தொட்டதோடு விட்டாளா, எட்டாவது முறை ஆஸ்பத்திரி நடைபாதைத் திண்டில் முன் இடது அலாய் வீலைக் கரகரவென்று தேய்த்தும் வைத்தாள்.

வெள்ளிக்கிழமை அவன் லீவில் வருகிறான். தெரிந்தால் சாவி போச்சு. அப்புறம் மாமியை யார் கூட்டிப்போவது? அதைவிட, இத்தனை நாள் பொய்யை எந்த முகத்தோடு ஒப்புக்கொள்வது?

வீடியோ பார்த்து ரப்பர் ஸ்ப்ரே பெயிண்ட் வாங்கி வந்தாள். அடித்தால் கறுப்பு. வேண்டாமென்றால் தோலாக உரித்துவிடலாம். ஒரு சக்கரத்துக்கு மட்டும் அடித்தால் அதுவே காட்டிக்கொடுக்கும், ஆகவே நாலுக்கும். பாத்திரம் தேய்க்கும் சோப்பால் பிசுக்குப் போகக் கழுவினாள், காயவிட்டாள். டயரில் படாமலிருக்க, டயருக்கும் வீலுக்கும் நடுவே பழைய கல்யாணப் பத்திரிகைகளைச் சுற்றிலும் செருகினாள். மெல்லிசாக ஒரு பூச்சு, கால் மணி நேரம் காயவிடுவது, அப்புறம் அடுத்தது. இப்படி ஐந்து.

"எப்படி இருக்கு மாமி?"

போர்ச்சில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த சௌதா சிரித்தாள். "கண்ணு தெரியாதவகிட்டப் போயிக் கேக்கறியே!"

வெள்ளிக்கிழமை பெட்டியை இறக்கியதும் அஷ்ரஃப் சக்கரத்தின் முன்னால் குந்தினான்.

"என்ன இது?"

"சும்மா... ஸ்டைலுக்கு."

அவன் நகத்தால் ஓரத்தைக் கிளப்பி இழுத்தான். ரப்பர் கிழியாமல் முழுசாகக் கையோடு வந்தது. அடியில் ஒரு சாண் நீளத்துக்குச் சிராய்ப்பு.

"நான்தாங்க இடிச்சேன்" என்றாள் ரஜீனா. "ஜுனைத் ஒரு தடவைகூட வரல. எட்டுத் தடவையும் நான்தான் ஓட்டினேன்."

அஷ்ரஃப் போனை எடுத்து நீட்டினான். வாளையார் ரோட்டு டோல்கேட்டில் அவர்கள் வண்டிக்குப் பணம் பிடித்த செய்திகள். போக எட்டு, வர எட்டு.

"எல்லாம் எனக்குத்தான் வரும். நம்ம வண்டின்னா நீதான் ஓட்டறேன்னு மொத தடவையே புரிஞ்சுபோச்சு. திரும்பி வர்ற மெசேஜ் வர்ற வரைக்கும் வேலையே ஓடல."

"அப்ப ஏன் கேக்கல?"

"கேட்டா நீ பயந்து நிறுத்திருவே. அம்மா கண்ணு என்னாகறது? அதுசரி, வேலந்தாவளம் வழியாப் போயிருந்தா டோலே இல்லையே!"

"அந்தச் சின்ன ரோட்டுல லாரி வந்தா எனக்குப் பயம்."

அப்பாடா என்றிருந்தது ரஜீனாவுக்கு. அடுத்த நொடியே பற்றிக்கொண்டு வந்தது கோபம்.

"எட்டு மாசமா உயிரைக் கையில புடிச்சுக்கிட்டுப் பொய் சொல்றேன், நீங்க உம் உம்முனு கேட்டுட்டா இருந்தீங்க? மீதி மூணையும் நீங்களே உரிச்சுக்குங்க!"

ஸ்ப்ரே டப்பாவை அவன் பக்கம் உருட்டிவிட்டு உள்ளே போய்விட்டாள். அஷ்ரஃப் உரிக்கவில்லை. பத்திரிகைகளைத் தேடி எடுத்துச் செருகி, உரித்த சக்கரத்துக்கும் கறுப்பு அடித்து வைத்தான்.

செவ்வாய்க்கிழமை ஒன்பதாவது ஊசி. ரஜீனா ஓட்டினாள், பின்னால் மாமி. பக்கத்து சீட்டில் அஷ்ரஃப், மேலே இருந்த கைப்பிடியை விடவேயில்லை. டோலைத் தாண்டியதும் அவன் சட்டைப் பையில் போன் ஒலித்தது. அவன் எடுத்துப் பார்க்கவில்லை.