பட்டறைக் கையும் பாட்டில் ரத்தமும்

எழுபதுகளின் தொடக்கம். காரைக்குடியில் எங்கள் தெருவில் பொன்வேலைக்காரர் வீடுகள் பதினெட்டு. பெண் கொடுத்ததும் எடுத்ததும் அந்தப் பதினெட்டுக்குள்ளேயேதான். ஒரு வீட்டில் தும்மினால் அடுத்த வீட்டிலிருந்து ‘நூறு’ என்று குரல் வரும்.

அந்த வருடம் என் அக்காவுக்கு வயிற்றில் கட்டி. வெள்ளிக்கிழமை ஆபரேஷன். அதற்குள் இரண்டு பாட்டில் ரத்தம் வேண்டும் என்றார் டாக்டர். அக்காவுடையது அபூர்வமான வகையாம்.

“வெளியில தேடி நாளைக் கடத்தாதீங்க. உங்க சொந்தத்துல இருக்கத்தான் வாய்ப்பு அதிகம். எல்லாரையும் வரச் சொல்லுங்க.”

என் ரத்தம் சேர்ந்தது. ஒரு பாட்டில் கொடுத்துவிட்டு, இன்னொன்றுக்கு மறுநாள் தெருவை நம்பி வந்தேன். தெருவோ என்னை நம்பவில்லை.

நெற்குப்பை ஆச்சி வீட்டுக் கல்யாணத்துக்குக் கழுத்திரு என்ற பெரிய தாலி நகை செய்துகொண்டிருந்த நேரம் அது. வேலைக்குத் தலைமை எங்கள் முன்கோபக்காரச் சித்தப்பா. உமி நெருப்பின் முன்னால் உட்கார்ந்தபடி, தலையை நிமிர்த்தாமலே கேட்டார்:

“ஏன்டா, ரத்தம் போனா கை நடுங்காதா? நடுங்குற கையில ஆச்சி பவுனக் குடுப்பாகளா, கஞ்சியக் குடுப்பாகளா?”

பட்டறையே தலையாட்டியது. எனக்கு வாய் நீளம்தான். ஆனாலும் எங்கள் ஆட்கள் காதால் கேட்டதை நம்ப மாட்டார்கள், கண்ணால் பார்க்க வேண்டும்.

“நேத்து ரத்தம் குடுத்தவன் நான். வேலையக் குடுத்துப் பாருங்க” என்றேன்.

கொடுத்தார். கடுகை விடச் சின்னதாக ஒரு பொன் குண்டு. அதைச் சாமணத்தால் எடுத்துத் தகட்டின் ஓரத்தில் நிறுத்தி, பற்றுப்பொடி வைத்து, ஊதுகுழலால் தீயை ஊதி ஒட்டவைக்க வேண்டும். கை ஒரு நூல் அசைந்தால் குண்டு உமிக்குள் போய்விடும். ஆண்கள் சுற்றி நின்றார்கள், பெண்கள் வாசலை அடைத்துக்கொண்டார்கள். குண்டை வைத்தேன். ஊதினேன். ஒட்டிக்கொண்டது.

சித்தப்பா அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். குறை கிடைக்காத எரிச்சல்.

“நீ இளவட்டம், ஊறிக்கிரும். எங்க வயசுக்கு?”

வாசலிலிருந்து சின்னம்மா, அவர் சம்சாரம்தான், கேட்டார்: “போன வாரம் குண்டத் தவறவிட்டுட்டு நாள் பூரா உமியச் சலிச்சீகளே, அன்னைக்கு எந்த ஆஸ்பத்திரியில ரத்தம் குடுத்துட்டு வந்தீக?”

சிரிப்பு அடங்கவே நேரமாயிற்று. சின்னம்மா விடவில்லை.

“ஒங்க கை பவுனு, பத்திரமா இருக்கட்டும். எங்களுக்கு மாவாட்டுற கைதானே. வாங்கடி, நாம போவோம்.”

மறுநாள் காலையில் ஆஸ்பத்திரியில் பதினோரு பேர். அதில் ஏழு பேர் பெண்கள். கடைசியாக, வேறு ஏதோ சோலிக்கு வந்தவர் மாதிரி சித்தப்பா. எல்லோருக்கும் விரலில் குத்திப் பார்த்தார்கள். சேர்ந்தது ஒருவருக்குத்தான். சித்தப்பாவுக்கு.

நர்ஸ் வலது கையைப் பிடித்ததும் வெடுக்கென்று இழுத்துக்கொண்டார்.

“தாயி, இது பட்டறைக் கை. அங்குட்டு வந்து எடுத்துக்க.”

இடது கையை நீட்டினார். அதற்குப் பிறகு எங்கள் தெருவிலிருந்து யார் ரத்தம் கொடுக்கப் போனாலும், அந்த நர்ஸ் கேட்காமலே இடது பக்கம் வந்து நிற்பார்.

ஆபரேஷன் முடிந்து இரண்டாம் நாள்தான் அக்காவுக்குப் பேச்சு வந்தது. யார் யார் கொடுத்தது என்று கேட்டாள். சொன்னேன்.

“சித்தப்பாவுமா?” என்று கண்ணை மூடிக்கொண்டாள். “போச்சு. இனிமே எனக்கும் தொட்டதுக்கெல்லாம் கோவம் வருமேடா.”