பொன்னாடை போர்த்தி மறுத்த செய்தி

கபடி கிளப் தன் பயிற்சியாளரை மாற்றப் போகிறது என்று நான் எழுதிய செய்தி பத்திரிகையில் வந்த அன்று, காலைக் காபி ஆறுவதற்குள் இரண்டு போன்.

முதலில் கிளப்பின் செயலாளர் பரமசிவம் அண்ணன். திண்டுக்கல்லில் பூ மண்டி வைத்திருப்பவர்.

"ஏப்பா, கோச்ச மாத்துறோம்னு ஒனக்கு யாரு சொன்னா? அம்புட்டும் பொய்யி. அந்தோணி சாரு எங்களுக்குக் குலதெய்வம் மாதிரி."

அடுத்தது எங்கள் செய்தி ஆசிரியர். "கிளப் லெட்டர்பேடுல மறுப்பு வந்துருச்சு. இன்னைக்குள்ள உங்க செய்தி சரின்னு காட்டுங்க. இல்லேன்னா நாளைக்கு 'வருந்துகிறோம்' போட்டுட்டு, ஸ்போர்ட்ஸ வேற ஆளுக்குக் கொடுத்துருவேன்."

செய்தியை நான் காற்றில் பிடிக்கவில்லை. கமிட்டியில் இருவர் தனித்தனியே சொன்னார்கள். ஒட்டன்சத்திரத்துப் பயிற்சியாளர் ஒருவர் மைதானத்துக்குப் பக்கத்தில் வாடகைக்கு வீடு பார்த்ததையும் விசாரித்து உறுதி செய்திருந்தேன். ஆனால் பெயர்களை வெளியிட மாட்டேன் என்று வாக்குக் கொடுத்தாயிற்று. லெட்டர்பேடுக்கு முத்திரை இருக்கிறது, என் ஆட்களுக்கு வாய் மட்டும்தான்.

மறுப்புக் கடிதத்தோடு நிறுத்தியிருந்தால் அண்ணன் ஜெயித்திருப்பார். அவரோ அன்றைக்கு மத்தியானமே பிரஸ்மீட் வைத்தார். "ஒன் கண்ணு முன்னாலேயே கோச்ச கௌரவப்படுத்துறேன், வந்து பாரு" என்று எனக்குத் தனி அழைப்பு வேறு.

போனேன். மேடையில் அந்தோணி சார் தேய்த்த சட்டையோடு சிரித்த முகமாக உட்கார்ந்திருந்தார். அண்ணன் எழுந்தார். சொந்த மண்டியிலிருந்து வந்த ஆளுயர ரோஜா மாலையைப் போட்டார். மேலே ஜரிகை மின்னும் ஒரு பொன்னாடையைப் போர்த்தினார்.

நம்ம ஊரில் பொன்னாடை புதிதாக வருபவருக்கு, அல்லது விடைபெற்றுப் போகிறவருக்கு. தினமும் வேலைக்கு வருகிறவருக்கு யார் போர்த்துகிறார்கள்? கை தட்டிக்கொண்டிருந்த வீரர்கள் அப்படியே நிறுத்திவிட்டார்கள். அந்தோணி சாரின் முகத்தில் சிரிப்பு போய்விட்டது.

"எதுக்குண்ணே இதெல்லாம்?"

"நீங்க செஞ்ச சேவைக்கு சார்!"

'செஞ்ச' என்றதும் நான் பேனாவைத் திறந்தேன். அந்தோணி சார் மைக்கை வாங்கினார். நன்றி சொல்லப் போகிறார் என்று எல்லோரும் நினைத்தோம்.

"அண்ணே, நாளைக்குக் காலைல நான் பிராக்டிஸுக்கு வரணுமா, வேணாமா? அத மட்டும் சொல்லுங்க."

அண்ணன் மின்விசிறியைப் பார்த்தார். "நாளைக்கு நீங்க நல்லா ரெஸ்ட் எடுங்க சார்."

"நாளன்னைக்கு?"

"அன்னைக்கும் எடுத்தா ஒடம்புக்கு நல்லதுதான சார்."

நிருபர்கள் சிரித்துவிட்டார்கள். நானும் சிரித்தேன். அந்தோணி சார் மட்டும் பொன்னாடையை மடித்து நாற்காலியில் வைத்துவிட்டுக் கீழே இறங்கினார்.

நடந்ததைச் செய்தி ஆசிரியரிடம் சொன்னேன். போனிலேயே விழுந்து விழுந்து சிரித்தார். 'வருந்துகிறோம்' அச்சேறவில்லை. என் வேலை தப்பித்தது.

வாசலில் அந்தோணி சார் வண்டியை எடுத்துக்கொண்டிருந்தார். "காலைல ஒன் செய்தியப் பாத்துட்டு ஒன்மேல கோவமா இருந்தேன் அப்பு. அண்ணன் இல்லைன்னு சொன்னாரு, அதத்தான் நம்புனேன். வேல போகலன்னு வீட்ல சந்தோஷமாச் சொல்லிட்டு வந்தேன். இப்ப போயி என்ன சொல்ல?"

என் செய்தி சரியாகிப்போனதில் இருந்த சந்தோஷம் அந்த இடத்திலேயே செத்துவிட்டது.

புதிதாக இந்தத் தொழிலுக்கு வரும் தம்பிகளே, தங்கச்சிகளே, மறுப்பு வந்தால் பயப்படாதீர்கள். "கோச்ச மாத்துறீங்களா?" என்று கேட்டால் எந்தக் கிளப்பும் இல்லை என்றுதான் சொல்லும். நாளைக் காலைப் பயிற்சிக்கு யார் வருவார் என்று கேளுங்கள். இத்தனை வருடம் நிருபராக இருந்தும் எனக்கு அது தோன்றியதில்லை. தோன்றியது வேலையைப் பறிகொடுத்த அந்த மனிதருக்குத்தான்.