தில்லைநாயகம் மாமா சுட்ட ரொட்டி

எங்கள் ஊரில் ரொட்டி பலகாரம் கிடையாது, மருந்து. காய்ச்சல்காரரைப் பார்க்கப் போகிறவர்கள் ஒரு ரொட்டிப் பாக்கெட்டும் சாத்துக்குடியும் வாங்கிக்கொண்டு போவார்கள். ஞானம்பாள் அத்தைக்கு டைபாய்டு வந்தபோது பாளையங்கோட்டையில் பாதி ஜனம் வந்து பார்த்தது. அலமாரியில் ரொட்டி குவிந்துவிட்டது.

காய்ச்சல் விட்ட பிறகும் அத்தை அதைத் தொடவில்லை. கஞ்சியும் வேண்டாம். இரண்டு வாய் மோர் குடித்துவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வாள். வயிற்றில் ஏதாவது போனால்தான் எழுந்திருப்பாள் என்று டாக்டர் சொல்லிவிட்டார். சாதாரண நாளில் கோயில் பொங்கலிலேயே குறை கண்டுபிடிக்கிறவள் அத்தை. இப்போது எதையும் குறை சொல்லவில்லை. மாமாவைப் பயமுறுத்தியது அதுதான்.

தில்லைநாயகம் மாமா கோர்ட்டில் குமாஸ்தா. அடுப்புப் பற்றவைக்கத் தெரியாது. ஆனால் பிளக் வைத்த சாமான் எதுவானாலும் தன் இலாகா என்பார். லீவு போட்டுவிட்டு வீட்டில் இருந்தார். நான் அடுத்த வீடு. பத்தாம் வகுப்பில் கணக்குப் பாடம் என்னைக் கைவிட்டிருந்ததால் அத்தைக்குத் துணையாக என்னை விட்டிருந்தார்கள்.

"வேணி, பீரோ மேல இருக்க பெட்டிய எறக்கு" என்றார் மாமா ஒரு நாள். பஹ்ரைனில் இருக்கும் அத்தையின் தம்பி கணேஷ்ராம் கொண்டுவந்த ரொட்டி மிஷின் அது. வந்த நாளிலிருந்து போர்வை போர்த்திக்கொண்டு தூங்கியது.

"கடை ரொட்டி வறட்டி மாரி இருந்தா எவ திம்பா? பஞ்சு மாரி நான் போடுதேன். மாவ உள்ள போட்டு மூடுனா, பிசையுதது, பொங்க வைக்குதது, வேக வைக்குதது எல்லாம் அதே பாத்துக்கிடும்."

"அப்ப நீங்க என்னத்துக்கு மாமா?"

"சுவிச்சு போட ஆள் வேண்டாமா?"

டைபாய்டு வந்த வீடு. பல் விளக்கவே வெந்நீர்தான். மாமா மாவிலும் கொதிக்கக் கொதிக்க வெந்நீரையே ஊற்றினார். மிஷின் உருட்டு உருட்டு என்று உருட்டிக் கடைசியில் ஒரு கல்லைப் பெற்றது. மாமாவின் மொபெட் ஸ்டாண்டு வாசல் மணலில் புதைந்துகொண்டே இருக்கும். ரொட்டியை அதற்கு அடியில் வைத்தேன்.

"ஏளா, என்னது இது?"

"உங்க ரொட்டிதான் மாமா. வண்டிய நல்லாத் தாங்குது."

மாமா அசரவில்லை. மிஷினோடு வந்த இங்கிலீஷ் புத்தகத்தை ஜட்ஜ் முன்னால் வாசிப்பதுபோல் வாசித்தார். இங்கிலீஷுக்கும் எனக்கும் ஆகாது, அதனால் நான் படம் பார்த்தேன்.

"மாமா, இந்தப் படத்துல தண்ணிக்குள்ள விரல விட்டுப் பாக்கான். கொதிக்குத தண்ணியில எவனாவது விரல விடுவானா?"

மாமா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி வாசித்தார். "மாவப் பொங்க வைக்குத ஈஸ்டு வெந்து செத்துருக்கு. ஆறட்டும், பொறவு ஊத்துவோம்."

அடுத்தது அருமையாகப் பொங்கியது. வேகிற நேரத்தில் கரண்டு போய்விட்டது. "அதுக்கு நான் பொறுப்பில்ல. நாளைக்கு வரும் பாரு" என்றார் மாமா. கரண்டைச் சொன்னாரா ரொட்டியைச் சொன்னாரா தெரியவில்லை.

மறுநாள் காலையிலும் அத்தை கஞ்சியைத் திருப்பி அனுப்பிவிட்டாள். மாமா கஞ்சிச் செம்பும் கையுமாக நின்றார். பிறகு அதற்குள் விரலை விட்டுப் பார்த்தார். வெதுவெதுப்பு.

"அவ கஞ்சி குடிக்கலன்னா என்ன, ரொட்டி குடிக்கட்டும்" என்று தண்ணீருக்குப் பதிலாகக் கஞ்சியை ஊற்றினார். உடன்குடிக் கருப்பட்டியைக் கரைத்து வடிகட்டிச் சேர்த்து, வெண்ணெயும் போட்டார்.

"புத்தகத்துல இப்படியா போட்டுருக்கு?"

"புத்தகம் எழுதுனவன் நம்மூர்க் கஞ்சியக் கண்டானா?"

மூடியைத் திறந்து திறந்து பார்க்கிற வியாதி மாமாவுக்கு உண்டு. மூடி மேல் மூன்று பட்டையாகத் திருநீறு பூசிவிட்டேன். சாமியாக்கிவிட்டால் கை வைக்க மாட்டார். வைக்கவில்லை. சுற்றிச் சுற்றித்தான் வந்தார்.

சாயங்காலம் வந்த ரொட்டியை அமுக்கினால் அமுங்கியது, விட்டால் எழுந்தது. அறுத்தால் உதிரவில்லை. உள்ளே ஈரப்பதமாக, கன்றுக்குட்டியின் காது மாதிரி இருந்தது.

"ரொட்டியா? எனக்குத்தான் காய்ச்சல் விட்டாச்சுல்லா" என்றாள் அத்தை.

"காய்ச்சல் ரொட்டி இல்லளா. மோந்து பாரு."

கருப்பட்டி வாசத்துக்கு அத்தை திரும்பினாள். ஒரு விள்ளல் போனது. இன்னொன்று போனது. ஒரு துண்டு முழுதும் போன பிறகு அத்தை நிமிர்ந்தாள்.

"உப்பு போட்டேளா இல்லியா?"

மாமாவுக்குக் கேஸ் ஜெயித்த முகம். "கேட்டியா வேணி? உப்பு இல்லியாம்!" என்று கத்தினார். அந்தச் சந்தோஷத்தில் வாய் தவறியது. "கஞ்சியில இருக்கும்னு நெனச்சுட்டேன்ளா."

"கஞ்சியா?"

நான் மெல்லக் கதவுப்பக்கம் நகர்ந்தேன். அத்தை தட்டைப் பார்த்தாள், மாமாவைப் பார்த்தாள், என்னைத்தான் அதிக நேரம் பார்த்தாள்.

"மாமனும் மருமவளுமாச் சேந்து பித்தலாட்டமா பண்ணுதீய? இன்னொரு துண்டு வைங்க. உப்பத் தூவி வைங்க."

மாமா அடுக்களைக்குள் போய் வெகுநேரம் உப்பு டப்பாவைத் தேடினார். அது கண்ணெதிரேதான் இருந்தது. அவர் கண்ணுக்குத்தான் அப்போது எதுவும் தெரியவில்லை. நான் எடுத்துக் கொடுத்துவிட்டு வேறு பக்கம் பார்த்தேன்.

கட்டிலிலிருந்து இல்லை, கூடத்தில் மிஷின் இருந்த பக்கத்திலிருந்து அத்தையின் குரல் வந்தது.

"ஏட்டி வேணி, மிஷினுக்குத் திருநீறு பூசுனது எவ? ஒழுங்காத் தொடச்சு வச்சுட்டுப் போ!"