சாம்பியன் உட்கார்ந்த சீட்

எங்கள் தெரு முடிதிருத்துபவருக்கு ஒரு குணம். கத்திரி காதருகே வந்த பிறகுதான் செய்தி சொல்வார். அந்த நேரத்தில் மறுத்துத் தலையாட்ட யாருக்குத் துணிச்சல் வரும்?

"மூணாவது மாடியில சைக்கிள் சாம்பியன் இருக்காங்கல்ல? அவங்க சைக்கிள்ல சீட்டே கிடையாதாம் சார். கழட்டிப் போட்டுட்டாங்களாம்."

வெட்டிய முடியைத் தட்டிவிட்டு நேரே மூன்றாவது மாடிக்கு ஏறினேன். கதவைத் திறந்தது சாம்பியனின் அக்கா. சோபா இருக்க வேண்டிய இடத்தில் மூன்று சைக்கிள்கள். அவற்றின் மேல் ஈரத் துண்டுகள் காய்ந்துகொண்டிருந்தன.

"நல்லாப் பாத்துக்குங்க. மூணுலயும் சீட் இருக்கு. இவதான் உட்கார மாட்டா" என்றார் அக்கா.

காரணம், முதல் சைக்கிள். அது பிஎம்எக்ஸ். குட்டிச் சக்கரம், மேடும் பள்ளமுமாய் மண் தடம். எட்டுப் பேர் ஒன்றாகச் சரிவில் பாய்வார்கள். நாற்பது விநாடியில் கதை முடிந்துவிடும். அத்தனையும் நின்றபடிதான். அப்படி நின்றே ஆறு முறை தேசிய சாம்பியன் ஆனவர் இவர். தோள்பட்டை இரண்டு தடவை கழன்ற பிறகு, "கொஞ்சம் அமைதியான விளையாட்டுக்கு மாறுங்க" என்றார் மருத்துவர். இவரும் கீழ்ப்படிந்து, மலைச்சரிவில் தலைதெறிக்க இறங்கும் சைக்கிள் போட்டிக்கு மாறினார். அங்கேயும் உட்காரவில்லை.

பிழைப்புக்கு எலும்பு மருத்துவமனையில் வரவேற்பு மேசை. "எட்டு மணி நேரம் அங்க உட்கார்ந்துதானே இருக்கேன், சைக்கிள்லயுமா?" என்பது அவர் தரப்பு நியாயம்.

முப்பத்திரண்டாவது வயதில் மூன்றாவது சைக்கிள். கிண்ணம் போலச் சரிந்த மரத் தளத்தில் இருவர் இருவராக மோதும் பந்தயம். அந்தச் சைக்கிளுக்கு பிரேக் கிடையாது. சக்கரம் சுற்றும்வரை பெடலும் சுற்றியே தீரும். தேசிய அணியில் ஒரே ஓர் இடம் காலி. அடுத்த தேர்வு நான்கு வருடம் கழித்து. பயிற்சியாளருக்கு நாசூக்காகப் பேச வராது. "இதை விட்டா, அப்புறம் உனக்கு அந்த மேசைதான்" என்று சொல்லிவிட்டார்.

அந்த இடத்துக்கான தேர்வுப் பந்தயத்தில் அரையிறுதியை ஜெயித்தார். கோட்டைத் தாண்டியதும் பிஎம்எக்ஸ் பழக்கத்தில் காலை அசைக்காமல் நிறுத்தினார். சைக்கிள் நிற்கவில்லை. அவரை மட்டும் இறக்கிவிட்டுப் போனது. உடம்பில் சிராய்ப்பு, சீட் இரண்டு துண்டு. இறுதிப் போட்டிக்கு இன்னும் நாற்பது நிமிடம்.

"சீட் இல்லாமலே ஓட்டிடறேன் சார், எனக்குப் பழக்கம்தான்" என்றார் நடுவரிடம். வதந்தி பிறந்தது இங்கேதான்.

"குழாய் நீட்டிக்கிட்டு நிக்குதும்மா! இதோட தளத்துல விட மாட்டேன்."

பயிற்சியாளர் யார் யாரிடமோ ஓடினார், எதுவும் பொருந்தவில்லை. அப்போது இறுதிப் போட்டியில் எதிர்த்து ஓட்டப்போகிறவரே எழுந்து வந்தார். ஆறடி உயரம், வேலை நர்ஸ். கையில் தன் மாற்றுச் சீட். அடையாளத்துக்கு ஓரத்தில் சிவப்பு நகப்பூச்சுப் புள்ளி.

"இந்தா, பிடி. உன் சீட் உடைஞ்சதாலதான் நான் ஜெயிச்சேன்னு நாளைக்கு வார்டு பூரா பேசும். ஒழுங்கா உட்கார்ந்து ஓட்டு. ஒழுங்கா தோக்கடிக்கிறேன்."

"ரொம்ப நன்றிக்கா. ஜெயிச்சுட்டுத் தந்துடறேன்."

"விழுந்தும் வாய்க்கு ஒண்ணும் ஆகலையே!"

ஒரு டயர் அகலத்தில் ஜெயித்தார் சாம்பியன். அதுவும், பந்தய வாழ்க்கையில் முதல்முறையாக, உட்கார்ந்தபடி. இந்தத் தடவை காலை நிறுத்தப் பயந்து மேலும் நான்கு சுற்று சுற்றிக்கொண்டே இருந்தார். நர்ஸ் கீழே இறங்கி நின்று கத்தினார்:

"போதும் இறங்குடி! என் சீட்டைக் குடு!"

"சூடா இருக்குக்கா, ஆறட்டும்!"

அது ஆறி மூன்று வருடம் ஆகிறது. சாம்பியன் இதற்குள் இரண்டு வெளிநாட்டுப் பதக்கம் வாங்கிவிட்டார். மூன்றாவது சைக்கிளின் மேல் கிடந்த ஈரத் துண்டை விலக்கிச் சீட்டைப் பார்த்தேன். சிவப்புப் புள்ளி பத்திரமாக இருந்தது.

அந்நேரம் பார்த்து வேலை முடிந்து உள்ளே வந்தார் சாம்பியன். "இன்னும் திருப்பித் தரலையா?" என்றேன்.

"தரணும். அவங்க கேக்கட்டும்."

"போன வாரம் கேட்டாங்களேடி" என்றார் அக்கா.

"அது போன்ல. போன்ல எப்படிக் குடுக்கறது?"

"அதுக்கு முன்னாடி நேர்லயே வந்தாங்களே?"

"அன்னிக்கு ஸ்பேனர் கிடைக்கலக்கா."

ஸ்பேனர் என் காலடியிலேயே கிடந்தது. சாம்பியனும் பார்த்தார். அதன்மேல் சாவகாசமாகத் தன் கைப்பையை வைத்துவிட்டு, "காபி சாப்பிடுறீங்களா?" என்றார்.