என் சாவை ஊதிய ஷிபெஷி மாமா

இழவு வீடுகளுக்குக் கூடாரமும் பாத்திரமும் கொடுக்கும் எங்கள் தெருச் சாவுச் சங்கத்துக்கு ஷிபெஷி மாமாதான் குழல்காரர். விடியற்காலையில் தகரக் குழலை ஊதி, யார் வீட்டில் சாவு என்று சந்து சந்தாகக் கூவிக்கொண்டு போவார். இருபது வருடத்தில் ஒரு பெயரைக்கூடத் தப்பாகக் கூவியதில்லை என்று அவருக்கு ஏகப்பட்ட பெருமை. அந்தப் பெருமையை எனக்காக விட்டார்.

சர்வாதிகாரியைக் கவிழ்க்க எங்கள் ஊரான அடிஸ் அபாபாவுக்கு வந்திறங்கிய படையில் நானும் ஒரு சிப்பாய். அடுத்த நாளே எங்கள் கதை முடிந்தது. தளபதிகள் செத்தார்கள், தப்பியவர்களைச் சர்வாதிகாரியின் ஆட்கள் தேடித் தேடிப் பிடித்தார்கள். நான் மாமாவிடம் ஓடினேன். சங்கத்தின் சாமான் அறையில், இழவுக் கூடாரத் துணிக்கு அடியில் என்னை ஒளித்து வைத்தார்.

"உங்க வீட்டு வாசல்ல ரெண்டு பேர் உட்கார்ந்திருக்கானுங்க லெம்மா. நீ கிடைக்காம எழுந்திரிக்க மாட்டானுங்க."

"நான் செத்தாத்தான் போவானுங்க."

மாமா குழலை எடுத்துத் துணியால் துடைத்தார். "அப்பச் செத்துடு."

"அம்மாகிட்ட மட்டும் சொல்லிடுங்க மாமா."

"உங்கம்மா பெலாய்னெஷ்கிட்டயா? பக்கத்து வீட்டுக் காபி நல்லாயில்லன்னா மூஞ்சிக்கு நேரா சொல்றவ. அவளுக்கு எங்கடா நடிக்க வரும்?"

மறுநாள் விடியலில் என் பெயரை ஊதினார். லெம்மா சண்டையில் செத்தான் என்று கூவினார். சிப்பாய் சாவுக்கு உடல் வராதது எங்களுக்குப் பழகிப்போன விஷயம், யாரும் கேட்கவில்லை. என் இழவுக்காகக் கூடாரத் துணியை மாமாவே வந்து எடுத்துப்போய், அறைச் சுவரை ஒட்டி அந்தப் பக்கம் கட்டினார். நான் அண்டாக்களுக்குப் பின்னால் பதுங்கிக்கொண்டேன். மூன்று நாள் அம்மா மார்பில் அடித்துக்கொண்டு அழுததைச் சுவருக்கு இந்தப் பக்கம் கேட்டுக்கொண்டே கிடந்தேன். இழவு வீட்டில் கொடுக்கும் வேகவைத்த கோதுமையையும் கடலையையும் மாமா எனக்கும் கொண்டுவந்தார். என் இழவுச் சோற்றை நானே தின்றேன். அந்த இரண்டு பேரும் தின்றுவிட்டு, அம்மாவுக்குத் துக்கம் சொல்லிவிட்டுப் போனார்கள்.

மாமா என்னை லாரியில் தெற்கே அனுப்பினார். இரண்டு வருடம் கழித்து ஆட்சி விழுந்த பிறகுதான் திரும்பினேன். அம்மா என்னைத் தொட்டுப் பார்த்தாள். நேரே போய் மாமாவை ஓங்கி ஓர் அறை விட்டாள். பிறகு குனிந்து அவர் முழங்காலில் முத்தமிட்டாள். எனக்கு மனைவி, மூன்று பிள்ளைகள், காலையில் குடிக்கிற காபி எல்லாம் அவர் போட்ட பிச்சை. இதை அவரிடம் எத்தனை தடவை சொன்னாலும், "என் குழல் பேரைக் கெடுத்துட்டியேடா" என்பார்.

போன மழைக்காலத்தில் மாமா போய்விட்டார். புதுக் குழல்காரன் கூவியதை அம்மா நம்பவில்லை. கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு உள்ளே போய் மாமாவின் முகத்தைத் தொட்டுப் பார்த்தாள். அடக்கம் முடிந்தும் கூடாரத்தை விட்டு நகரவில்லை. மூன்றாம் நாள் சாயங்காலம் பெஞ்சுகளை எடுக்கத் தொடங்கினார்கள்.

"கிளம்பும்மா. எல்லாரும் போயாச்சு."

"நீ போ. நீ செத்துத் திரும்பி வர்றதுக்கே ரெண்டு வருஷம் ஆச்சு," என்றாள் அம்மா. "அவனுக்கு மூணு நாள்தானா?"